குதிரையின் முதுகிலிருப்பவன்

குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஓர் இலக்கியத் திங்களேட்டில் எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் நளன் கதையை மறந்தவர்கள். சூதையும் குதிரையையும் ஒரே மனிதனின் வாழ்விலே பிணைத்துக் காட்டிய அந்தக் கதையை, சனி பிடித்தவர் படிக்கவேண்டிய பரிகார நூலென்று நாம் ஒதுக்கிவைத்துவிட்டோம். அதனை வேறொரு தேவைக்காக மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. அத்தேவை மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் மாலைதோறும் கண்முன்னே நிற்கிறது.

எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ பந்தயக் குதிரை கிடையாது. எருமையுண்டு, எருதுண்டு, வயலில் உழவு இயந்திரமுண்டு. நம்மவரிற் பெரும்பாலார் குதிரையைக் கண்டது கோயில் வாகனத்திலும் கூத்துப் பாட்டிலுமேயாகும். இருந்தும் மாலை ஆறரை மணியானதும் நகரத்து றேஸ் கடைகளிலே இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்கள் ஒலிக்கின்றன. அங்கே பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்படும் கோடைகால ஓட்டம் நமது கணக்கில் மாலை ஆறரை. வேலை முடிந்து, கூலி கைக்கு வந்து, வீட்டுக்குப் பொருள் வாங்கவேண்டிய நேரமும் அதுவே. வேறெவரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தமன்று அது. பூமியின் சுழற்சி புக்கிகளுக்குச் செய்த உபகாரம் என்க.

இக்கட்டுரைக்குக் காரணமானவர் ஒரு மேசனின் கையாள். அம்பிளாந்துறைக்குப் போகும் ‘பாதை’யிலே, அதாவது வாவியைக் கடக்க நம்மூரார் ஏறும் மிதவையிலே, எனக்குப் பக்கத்தில் நின்றவர். நாற்பது வயதிருக்கும். சீமெந்து படிந்த கையில் மடித்த றேஸ் தாள். முன்பொரு காலத்தில் என்னிடம் ஓராண்டு படித்தவராம், எனக்கு நினைவில்லை. எதைப் பார்த்துப் பந்தயங் கட்டுவீர் என்று கேட்டேன். இரக்கத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: “குதிரையப் பாக்கிறவன் மடையன் சேர். ஆரு ஏர்றான் எண்டு பாக்கணும். ஜொக்கிதான் குதிரை.”

இந்த இரண்டு சொல்லும் ஒரு தத்துவம். வாவிக்கரையில் மட்டுமன்று, கொழும்பிலும் கண்டியிலும் சென்னைக் கிண்டியிலும் பந்தயக்காரர் பலர் இதனையே மந்திரமாக ஓதுகின்றனர். இதனை மூடநம்பிக்கையென்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அஃது உண்மையன்று. அந்த மனிதர் கூறியதிலே பாதி மெய். பாதி மெய்யானபடியாற்றான் அது முழுப்பொய்யிலும் கொடியதாயிற்று என்பதே நான் இங்கு நிறுவ முயல்வது.

முதலில் நாட்டின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். வெள்ளைத் துரைமார் தமது பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த ஆட்டம் இது. 1893இல் கொழும்புக் கறுவாத்தோட்டத்திலே பந்தயத்திடல் எழுந்தது. 1942இல் அத்திடலே போர்விமானங்கள் இறங்கும் தளமாகவும் மாறியது. 1956இல் பண்டாரநாயக்கா அரசு வந்தபின் கொழும்பிலே குதிரைகள் ஓடுவது நின்றது. குதிரை நின்றதேயன்றிப் பந்தயம் நிற்கவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஓடும் குதிரையின்மேல் இங்கே பணம் கட்டும் வழக்கம் தொடர்ந்தது. 1988இல் பந்தய, சூதாட்ட வரிச் சட்டத்தின்மூலம் அரசும் தன் பங்கினை எழுதிக்கொண்டது. குதிரையைக் கண்ணாலாவது காணும் வாய்ப்பை எடுத்துவிட்டு, பணத்தை இழக்கும் வாய்ப்பை மட்டும் விட்டுவைத்த விந்தையை யாரிடம் போய்ச் சொல்வது! நுவரெலியாவில் சித்திரை வசந்தகாலத்தில் ஓடும் குதிரைகள் ஒரு விழாக்காட்சி. கையாளின் கூலி போவது அங்கேயன்று.

இனி ஜொக்கிக்கு வருவோம். ஓட்டத்தின் வெற்றியில் அவனுக்கு எவ்வளவு பங்கு?

1897இல் ரொட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜொக்கி இங்கிலாந்துக்கு வந்தான். அதுவரை ஆங்கிலேயர் நீண்ட அங்கவடியில் காலூன்றி நிமிர்ந்திருந்து குதிரை செலுத்தினர். ஸ்லோன் அங்கவடியைக் குறுக்கி, குதிரையின் கழுத்தின்மேல் குனிந்து, இருக்கையிற் படாமல் தொங்கினான். குச்சியிலேறிய குரங்கு என்று கனவான்கள் நகைத்தனர். நகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை, அவன் வென்றுகொண்டேயிருந்தான். 2009இல் ஆங்கில விஞ்ஞானிகள் பழைய ஓட்டங்களின் நேரக்கணக்குகளை ஆராய்ந்து ‘சயன்ஸ்’ ஏட்டிலே வெளியிட்ட முடிவு இதற்கு விளக்கம் தருகிறது. இந்தக் குனிந்த சவாரி பரவிய காலத்திலே, 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஓட்டநேரம் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தது. குதிரை மேலுங் கீழும் அசைய, ஜொக்கி தன் கால்களையே வில்லாக்கி உடலை நிலையாக வைத்திருக்கிறான். குதிரை அவனைச் சுமந்தாலும் ஒவ்வொரு தாவலிலும் அவனைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நூற்றுக்கு ஐந்து என்பது பந்தயத்திடலில் மலையளவு. ஆகவே ஜொக்கி முக்கியமில்லை என்று எவரேனும் கூறுவாராயின் அவர் குதிரையையும் அறியாதவர், மனிதனையும் அறியாதவர்.

ஆயின் இந்தக் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். சில ஆண்டுகளுக்குள் எல்லா ஜொக்கிகளும் குனியத் தொடங்கினர். எல்லோரும் குனிந்தபின் ஒருவனுக்கு மற்றவனைவிட அதனால் வந்த மிகுதி என்ன? ஓட்டங்கள் விரைந்தன, பந்தயக்காரன் பழைய இடத்திலேயே நின்றான்.

அப்படியானால் இன்று ஒரு ஜொக்கிக்கும் மற்றொரு ஜொக்கிக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? இதற்குப் பந்தயச் சட்டமே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது என்பதை நம்மவர் கவனிப்பதில்லை. பிரித்தானியாவில் சமதள ஓட்டத்திலே பயிற்சிநிலை ஜொக்கிக்குப் பளுச்சலுகை உண்டு. இருபது வெற்றி பெறும்வரை அவன் ஏறும் குதிரைக்கு 7 இறாத்தல் குறைப்பர், ஐம்பதுவரை 5, தொண்ணூற்றைந்துவரை 3, அதன்பின் ஒன்றுமில்லை. நேற்று வந்த பையனுக்கும் தேறிய சவாரிக்காரனுக்கும் உள்ள வேறுபாடு ஏழு இறாத்தல் என்று துறைபோனவர்கள் நிறுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மைல் ஓட்டத்திலே இரண்டு இறாத்தல் ஏறத்தாழ ஒரு குதிரைநீளம் என்பது அவர்களது கைக்கணக்கு. ஆகவே ஏழு இறாத்தல் மூன்றரைக் குதிரைநீளம். அதுவும் புதியவனுக்கும் தேறியவனுக்கும் இடையில். தேறியவர் இருவருக்கிடையில் எவ்வளவு மிஞ்சும்? மூக்களவில் முடியும் ஓட்டத்திலே அதுவும் பெரிதுதான். ஆனால் மெல்லோடும் குதிரையை அது வெல்லுவிக்காது.

ஜொக்கிகளின் வரலாற்றேடும் இதனையே கூறும். சேர் கோர்டன் றிச்சர்ட்ஸ் 26 முறை முதன்மை பெற்றவர். வாழ்நாளில் 21,843 சவாரி, 4,870 வெற்றி. நூற்றுக்கு இருபத்திரண்டு. அதாவது ஐந்தில் நான்கு முறை, சிறிது குறைய, அவரை நம்பியவன் வெறுங்கையோடு திரும்பினான். 1933 ஒக்ரோபரில் அவர் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஓட்டங்களில் வென்றார். பதின்மூன்றாவதில் உலகமே அவர் குதிரைமேற் பணத்தைக் கொட்டியது. அது தோற்றது. ஒன்பது முறை டேர்பி வென்ற லெஸ்ரர் பிகொட்டின் பெயர் நமது தந்தையர் காலத்து றேஸ்காரர் நாவில் தெய்வப்பெயர்போல் நின்றது. அவரும் வென்றதைவிடத் தோற்றதே பன்மடங்கு. தோல்வியே தொழிலின் பெரும்பகுதியாக உள்ளவனைத் தெய்வமாக்குவதற்கு மனிதனுக்கு எவ்வளவு வறுமை வேண்டும் என்று சிலவேளை எண்ணுவதுண்டு.

தோல்ஸ்தோய் இதனைப் பந்தயக்காரரைவிட நன்கறிந்திருந்தார். ‘அன்னா கரீனினா’விலே விரோன்ஸ்கி தானே தன் குதிரையிலேறித் தடைதாண்டும் ஓட்டத்தில் முந்துகிறான். குதிரை குற்றமற்றது, வேகமுடையது, வெற்றி கைக்கெட்டிய தூரத்தில். கடைசி அகழியைத் தாண்டுகையில் அவன் உடலின் ஒரு தவறான அசைவு. இருக்கையிற் பொத்தென்று விழுகிறான். குதிரையின் முதுகெலும்பு முறிகிறது. அந்த அத்தியாயத்தை விரோன்ஸ்கியின் ஒழுக்கத்துக்குக் குறியீடாக மட்டும் காணும் விமர்சகர் உளர். எனக்கு அதிற் புலப்படுவது ஒரு தொழிலுண்மை. சவாரிக்காரனால் நல்ல குதிரையைத் தோற்பிக்க முடியும். கெட்ட குதிரையை வெல்லுவிக்க முடியாது. ஜொக்கியின் முக்கியத்துவம் ஒருபுறம் சாய்ந்தது. பந்தயக்காரன் தேடுவதோ மறுபுறத்தை.

இப்பொழுது கையாளின் கைக்காசுக்கு வருவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர் தயவுசெய்து சற்றுப் பொறுக்கவேண்டும். நான் கையாளுக்குப் பாதையிலே சொன்ன கணக்கு இது. கற்பனைக் கணக்குத்தான், ஆயினும் கடையின் கணக்கும் இவ்வழியிலேதான் நடக்கிறது.

ஐந்து குதிரைகள் ஓடுகின்றன. ஐந்தும் சமவலியுடையன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் வெற்றிவாய்ப்பு நூற்றுக்கு இருபது. நேர்மையான விலை ஒன்றுக்கு நான்கு. புக்கி ஒன்றுக்கு மூன்றுதான் தருவான்; அதில்தான் அவன் சீவனம். நூறு ரூபாவாக நூறு முறை கட்டினால் பத்தாயிரம் போகும். இருபது முறை வென்று, முறைக்கு நானூறாக எண்ணாயிரம் வரும். நட்டம் இரண்டாயிரம். இப்போது ஒரு குதிரையிலே பேர்பெற்ற ஜொக்கி ஏறுகிறான். அவன் திறமையால் அக்குதிரையின் வாய்ப்பு இருபதிலிருந்து இருபத்தைந்தாகிறது என்று தாராளமாகவே ஒப்புக்கொள்வோம். ஆனால் அவன் ஏறுவதைத் தாளிலே எல்லோரும் படித்துவிட்டனர். எல்லோரும் அக்குதிரைக்கே ஓடுகின்றனர். புக்கி விலையை ஒன்றுக்கு இரண்டாக இறக்குகிறான். நூறு முறை கட்டினால் இருபத்தைந்து முறை வெற்றி; முறைக்கு முந்நூறு; மொத்தம் ஏழாயிரத்தைந்நூறு. நட்டம் இரண்டாயிரத்தைந்நூறு.

ஜொக்கி மெய்யாகவே வாய்ப்பைக் கூட்டினான். அவனை நம்பியவன் முன்னிலும் கூடுதலாக இழந்தான். இதிலே மாயமொன்றுமில்லை. ஊரெல்லாம் அறிந்த உண்மை விலைக்குள் ஏறிவிட்டது. ஊரார் அதற்குக் கூடுதலாகவே மதிப்பிட்டுவிட்டனர். பந்தயத்தில் ஒருவனுக்குப் பயன்தருவது அவன் அறிந்ததன்று, அவன் அறிந்து மற்றவர் அறியாததே. ஆறாயிரம் மைல் தள்ளி, அச்சடித்த ஒரு தாளை வைத்துக்கொண்டிருக்கும் மனிதன் மற்றவர் அறியாத எதனை அறிவான்?

கற்பனைக் கணக்குக்கு மெய்யான சாட்சியும் உண்டு. 1996 செப்டெம்பர் 28 அன்று அஸ்கொட் திடலிலே பிராங்கி டெற்றோரி என்ற ஜொக்கி அன்றைய ஏழு ஓட்டங்களிலும் வென்றார். றேஸ்காரர் எவரைக் கேட்டாலும் இக்கதையைத்தான் கூறுவர். அவர்கள் கூறாமல் விடுவது ஏழாவது ஓட்டத்தின் விலை. பூஜியாமா கிரெஸ்ற் என்ற அக்குதிரைக்குக் காலையிலே ஒன்றுக்குப் பன்னிரண்டு விலை. ஓட்டம் புறப்படும்போது ஒன்றுக்கு இரண்டு. காலைக்கும் மாலைக்கும் இடையிலே குதிரை மாறவில்லை, பளு மாறவில்லை, காலையிலேயே அதற்கு டெற்றோரிதான் ஜொக்கி. மாறியது மக்களின் மனம் ஒன்றே. அவர் ஆறு முறை வென்றதைக் கண்டபின் ‘ஜொக்கிதான் குதிரை’ என்று கட்டியவர்கள் பன்னிரண்டு பெறவேண்டிய இடத்தில் இரண்டு பெற்றனர். குதிரை ஒரு கழுத்தளவில் வென்றுவிட்டது; ஆகவே யாரும் அதைப்பற்றி வருந்தவில்லை. அன்றைய தினம் புக்கிகள் கோடிக்கணக்கில் இழந்தது உண்மை. ஆனால் அந்த ஒருநாள் கதையைக் கேட்டு அதன்பின் வந்தவர்களின் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. (அந்தக் குதிரையைப் பிற்காலத்தில் டெற்றோரியே வாங்கி, முதுமைக்காலத்தில் வைத்துப் போற்றினார் என்பதை இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன். பந்தய உலகிலே அவ்வளவு நன்றி அடிக்கடி காணக்கூடியதன்று.)

தெய்வம் பொய்த்தால் அது பேயாகவேண்டும். ‘ஜொக்கிதான் குதிரை’ என்ற தத்துவத்தின் பின்பக்கத்திலே ‘ஜொக்கி கள்ளன்’ என்று எழுதியிருக்கிறது. தோற்ற மாலைகளில் றேஸ் கடை வாசலிலே கேட்கும் பேச்சு இதுதான்: கடிவாளத்தை இழுத்துப் பிடித்துவிட்டான், காசு வாங்கிவிட்டான். சகுனியின் பகடையைப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கிலே ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த மக்களுக்கு ஒவ்வொரு தோல்வியிலும் ஒரு சகுனியைக் காண்பது இயல்பே. குதிரையை வேண்டுமென்றே பின்னிழுக்கும் மோசடி உலகில் இல்லையென்று நான் கூறவரவில்லை. ஸோலா 1880இலேயே ‘நானா’விலே அதனை விரிவாக எழுதினார். பாரிஸ் பெரும்பந்தயத்திலே ஒரு பிரபு, ஊரார் நம்பிய தன் குதிரையை ஏமாற்றுக்காட்சியாக்கி, எவரும் மதியாத தன் மற்றக் குதிரையின்மேல் இரகசியமாகப் பணம் கட்டுகிறான். அதுவே வெல்கிறது. அங்கே சூதின் சூத்திரதாரி யார்? குதிரையின் சொந்தக்காரன். ஜொக்கிகள் ஏவியதைச் செய்யும் கூலிகள். மோசடி உள்ள இடத்திலும் ஸோலாவின் கண் மேலே போகிறது. நமது கடைவாசலின் கண் எப்பொழுதும் குதிரையின் முதுகோடு நின்றுவிடுகிறது. மேலும் ஒன்று. ஐந்து குதிரைக் கணக்கிலே கள்ளனே இல்லை. எல்லோரும் நேர்மையாகவே ஓடினார்கள். பணம் போய்விட்டது.

இந்த ‘திறமை’ என்ற சொல்லைப் பற்றியும் கூறவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமியற்றியது. 1986இல் சென்னைப் பந்தயக் கழகத்தையே எடுத்துக்கொள்ளச் சட்டமியற்றியது. வழக்கு நீண்டு, 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையின்பாற்பட்ட ஆட்டமே, வெறும் அதிர்ஷ்ட ஆட்டமன்று என்று தீர்ப்பளித்தது. சட்டநோக்கில் அதனை எடைபோட நான் வல்லனல்லன். மொழிநோக்கில் ஓர் ஐயம். குதிரையின் விரைவு, பயிற்றுநனின் உழைப்பு, ஜொக்கியின் சவாரித்திறன், இவற்றையெல்லாம் எடைபோடும் பந்தயக்காரனின் அறிவு என்ற நான்கும் ‘திறமை’ என்ற ஒரே பைக்குள் விழுந்துவிட்டன. பாடகனுக்குக் குரல்வளமிருப்பதனால் நுழைவுச்சீட்டு வாங்கியவன் பாடகனாவதில்லை. ஜொக்கியின் திறமை ஜொக்கியினுடையது. அதனை வாங்கில் இருக்கும் கையாள் தன்னுடையதாக எண்ணிக்கொள்ளுமாறு செய்வதே இத்தொழிலின் உயிர்நாடி.

லோறன்ஸ் எழுதிய ‘ஆடுகுதிரையில் வென்றவன்’ என்ற சிறுகதை (1926) இவ்விடத்தைத்தான் தொடுகிறது. பணம் பணம் என்று முணுமுணுக்கும் ஒரு வீட்டிலே, சிறுவன் ஒருவன் தன் மரக்குதிரையில் வெறிகொண்டு ஆடியாடி, வெல்லப்போகும் குதிரையின் பெயரைக் கண்டுபிடிக்கிறான். டேர்பிக்காக ஆடியபின் இறந்துபோகிறான். அக்கதையிலே ஜொக்கி எவனுக்கும் இடமில்லை, பந்தயக்காரனே ஜொக்கியாகிவிட்டான். இதனை அமானுஷ்யக் கதை என்று வகுத்துவிடுவார் ஒருநாள் மாலை றேஸ் கடைக்குப் போய் வரவேண்டும். கடைசி இருநூறு யார் தூரத்திலே திரையின் முன்னிருக்கும் ஆடவர் முழங்கால் மடித்துக் குனிகின்றனர். தம் தொடையிலே தாமே அடிக்கின்றனர். தோள்கள் முன்னும் பின்னும் அசைகின்றன. ஸ்லோனின் குனிவு அவர்களுக்கும் வந்துவிட்டது. குதிரை மட்டுந்தான் இல்லை.

ஆங்கில இலக்கியத்திலே இந்த மனிதரை முழுதாகக் கண்டவர் ஜோர்ஜ் மூர் என்பது என் எண்ணம். ‘எஸ்தர் வோட்டர்ஸ்’ (1894) பந்தயக் குதிரை வளர்க்கும் மாளிகை ஒன்றின் சமையற்கட்டிலே தொடங்குகிறது. வேலைக்காரர் எல்லோருக்கும் குதிரையின் நிறையும் ஜொக்கியின் நிறையும் தெரியும். முதற்குதிரை வெல்கிறது; அந்த ஒரு வெற்றியே நாவல் முழுவதற்கும் விதையாகிறது. வயோதிபப் பரிமாறி கந்தலுடுத்தி அலைகிறார். வேலைக்காரி ஒருத்தி பந்தயத்துக்காக வீட்டு வெள்ளிச் சாமானைத் திருடிச் சிறை போகிறாள். புக்கியாக மாறிய வில்லியமே காசநோயில் கிடந்து, வெப்பநாட்டுக்குப் போய்ப் பிழைக்கும் செலவுக்காகக் கடைசிப் பணத்தையும் குதிரைமேல் வைத்து இழந்து சாகிறான். மூர் உபதேசம் செய்யவில்லை. இவர்கள் ஏன் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் பொறுமையோடு காட்டுகிறார்: கூலி உயராத வாழ்விலே, அடுத்த வாரம் வேறுமாதிரி இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே விற்பனைநிலையம் அதுவாக இருந்தது. நமது எழுத்தாளரின் சூதாடி பெரும்பாலும் குடிகாரன், மனைவியை அடிப்பவன், முடிவில் திருந்துபவன். நான் பாதையிற் கண்ட கையாள் குடிப்பதில்லை. மனைவியின் காப்பை அடகு வைத்ததைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. அடகுச்சீட்டின் தவணைத் தேதியை நாள் தப்பாமல் நினைவு வைத்திருந்தார். கணக்கு அறியாதவரல்லர், அவர் கையிலே கொடுக்கப்பட்ட கணக்குத்தான் பாதிக்கணக்கு.

இவ்விடத்திற்றான் நளன் வருகிறான். குதிரையின் உள்ளத்தை அறிந்தவர்களில் அவனுக்கு நிகரில்லை. வாகுவனாக உருக்குறுகி, இருதுபன்னனுக்குத் தேரோட்டுகையில், அரசனது மேலாடை காற்றில் வீழ, அதனை எடுக்கும்படி அவன் சொல்லி முடிப்பதற்குள் தேர் எட்டாத் தொலைவு கடந்துவிடுகிறது. உலகின் தலைசிறந்த ஜொக்கி அவனே. அவனே சூதிலே நாட்டையும் ஆடையையும் இழந்தவனும். குதிரையறிவு அவனைச் சூதிற் காக்கவில்லை. பிறகு அதே வழியிலே, தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி, சரிபார்த்து, வியக்கிறான். குதிரை வித்தையைக் கொடுத்து எண்ணின் வித்தையைப் பெறுகிறான். தான்றிக்காயே பழங்காலத்துச் சூதாடு காய் என்பதை நினைவிற் கொண்டால் இக்காட்சியின் பொருள் இன்னும் விளங்கும். ஓட்டுகிறவனின் அறிவு வேறு, பந்தயங் கட்டுகிறவனுக்கு வேண்டிய அறிவு வேறு, ஒன்று மற்றொன்றாகாது, மாற்றிக்கொள்ளவே வேண்டும். எண்ணறிவு வந்ததும் கலி அவனைவிட்டு நீங்குகிறான்.

எண்ணறிவு பெற்ற நளன் மீண்டும் ஆடி வென்றானே, அதுபோலக் கணக்குப் படித்து நாமும் வெல்லலாமே என்று கேட்பவர் உளர். கையாளும் அதையே கேட்டார், கெட்டிக்காரர். நளனும் புட்கரனும் ஒரே பலகையில் எதிரெதிரே இருந்தவர். ஒருவன் இழந்தது முழுவதும் மற்றவனுக்குப் போயிற்று. றேஸ் கடையிலே பலகையே புக்கியினுடையது. ஒன்றுக்கு நான்கு தரவேண்டிய இடத்தில் மூன்று தருவான் என்பது ஆட்டம் தொடங்குமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. நளன் அக்கடைக்கு வந்திருந்தால், எண்ணிப் பார்த்துவிட்டு வெளியே போயிருப்பான்.

மிதவை நடுவாவிக்கு வந்திருந்தது. பேச்சு மீண்டும் ஜொக்கிகளிடம் திரும்பியது. அவருக்கு வேறு பேச்சில்லை. பிரெட் ஆர்ச்சர் என்ற பழைய ஜொக்கியைப் பற்றிச் சொன்னேன். 1874 முதல் 1886 வரை பதின்மூன்று பருவங்கள் தொடர்ந்து முதன்மை, 2,748 வெற்றி, ஏறிய ஓட்டங்களில் மூன்றிலொன்றுக்கு மேல் வென்ற ஒப்பற்றவர். உயரம் ஐந்தடி பத்தங்குலம். அவ்வுயரத்துக்கு உரிய உடல் ஜொக்கிக்கு ஆகாது. ஆகவே பேதிமருந்து குடித்தார், வெந்நீராவியில் வேர்த்தார், பட்டினி கிடந்தார். 1886இல் ஒரு பெரிய ஓட்டத்துக்காக ஏறத்தாழ 54 கிலோவுக்கு உடலை இறக்கச் சில நாட்கள் உண்ணாமலிருந்து, குதிரையேறி, ஒரு தலையளவிலே தோற்றார். சில நாட்களிற் காய்ச்சல் கண்டது. நவம்பர் 8ஆந் தேதி தம்மைத்தாமே சுட்டு இறந்தார். அப்போது வயது இருபத்தொன்பது.

கையாள் றேஸ் தாளை விரித்தார். குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் ஜொக்கியின் பெயர். அதன் பக்கத்தில் நிறை. அந்த இலக்கங்களின்மேல் சீமெந்து விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோனார். நாளும் பார்த்த இலக்கங்கள்தாம்.

“சாப்பிடாமலா சேர் ஏறினவன்?” என்று கேட்டார்.

ஆமென்றேன். பாதை கரையைத் தட்டியது. சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினார். தாள் சட்டைப்பையிலே இருந்தது.